திறந்த மூலத் தொலைபேசிச் சமிக்ஞை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொலைபேசி வலையமைப்பை இயக்கும் சமிக்ஞை மென்பொருளைத் திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடியதாக, தன்னார்வலர்கள் கூடி எழுதுவது சாத்தியமா, எழுதினால் அதை நம்பலாமா, அந்தப் பணியில் புதியவர் ஒருவர் எவ்வாறு சேரலாம் என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தனர். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி இங்கே பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: தொலைபேசியில் சமிக்ஞை என்பது எது? நாம் பேசும் பேச்சிலிருந்து அதை ஏன் தனியாகப் பிரிக்கிறார்கள்?

பதில்: நீங்கள் ஓர் எண்ணை அழுத்தியதும், உங்கள் பேச்சு தொடங்கும் முன்பே இணைப்பகங்கள் (அழைப்புகளை இணைத்துவிடும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள்) தமக்குள் பேசத் தொடங்கிவிடுகின்றன. யாருக்கான அழைப்பு, எந்தத் தடம் காலியாக இருக்கிறது, அழைக்கப்பட்டவர் எடுத்துவிட்டாரா, கட்டணக் கணக்கு எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்பனவற்றை ஓர் இணைப்பகம் இன்னோர் இணைப்பகத்துக்குத் தெரிவிக்கும் செய்திகளே சமிக்ஞை. முற்காலத்தில் இச்செய்திகள் பேச்சு செல்லும் அதே தடத்தில் ஒலிகளாகவே அனுப்பப்பட்டன. அமெரிக்காவின் நெடுந்தொலைவு வலையமைப்பில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் தடம் காலியாகிவிட்டது என்று பொருள். அந்த ஒலியை வெளியிலிருந்து எழுப்பத் தெரிந்தவர்கள் 1960களிலும் 1970களிலும் கட்டணமின்றி அழைப்புகள் செய்தார்கள். கட்டளைகளைப் பேச்சுத் தடத்திலிருந்து பிரிக்க அது ஒரு காரணம்; அழைப்பை விரைவாக அமைப்பதும், மறுமுனையில் யாரும் எடுக்காத அழைப்புக்காகத் தடங்களை வீணே பிடித்துவைக்காமல் இருப்பதும் அதைவிடப் பெரிய காரணங்கள்.

அவ்வாறு பிரிக்கப்பட்ட முறைகளில் உலகெங்கும் நிலைபெற்றது சிக்னலிங் சிஸ்டம் 7, சுருக்கமாக எஸ்எஸ்7. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் தரநிலைகளை வகுக்கும் ஐடியு-டி பிரிவின் முன்னோடியான சிசிஐடிடி அதன் பரிந்துரைகளை 1980இல் வெளியிட்டது. அடியில் உள்ள எம்டிபி அடுக்குகள் செய்தியைப் பிழையின்றியும் வரிசை மாறாமலும் கொண்டுசேர்க்கின்றன. அவற்றின் மேல் நிற்கும் ஐசப் அழைப்பை அமைக்கிறது. எஸ்சிசிபி, டிகேப், மேப் ஆகியவை ஒரு கைப்பேசி இப்போது எங்கே பதிவாகியிருக்கிறது என்பது போன்ற வினாக்களைச் சுமக்கின்றன. 2000க்குப் பிறகு இவை எஸ்சிடிபி என்னும் போக்குவரத்து நெறிமுறையின் (கணினிகள் செய்தி பரிமாறும் விதிகளின் தொகுப்பு) மீது, இணையத்தைப் போன்ற ஐபி வலையமைப்புகளிலும் செல்லத் தொடங்கின. மறுபுறம், இணைய வழி அழைப்புகளை அமைக்க இணையத்திலேயே பிறந்த சிப் நெறிமுறை, ஆர்எஃப்சி எனப்படும் இணைய ஆவண வரிசையில் 1999இல் ஆர்எஃப்சி 2543 ஆகவும், திருத்தி எழுதப்பட்டு 2002இல் ஆர்எஃப்சி 3261 ஆகவும் வெளிவந்தது. திறந்த மூலச் சமூகங்கள் இந்த இரு குடும்பங்களிலும் பணிபுரிகின்றன.

கேள்வி: பெரும் நிறுவனங்கள் பல்லாயிரம் பொறியாளர்களை வைத்துச் செய்யும் வேலை இது. தன்னார்வலர்கள் இதற்குள் நுழைய வழி எங்கிருந்து கிடைத்தது?

பதில்: முதல் வழி ஆவணங்கள். இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் தன் ஆர்எஃப்சிகளை எப்போதும் இலவசமாகவே தந்துவந்திருக்கிறது. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பான எட்சியும், கைப்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபியும் தம் விவரக்குறிப்புகளை யாரும் தரவிறக்கிப் படிக்கும்படி வைத்திருக்கின்றன. ஐடியு-டி தன் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை 2007 முதல் கட்டணமின்றி வழங்குகிறது. விலை கொடுத்து வாங்க வேண்டிய ஆவணத்தை வைத்து ஒரு சமூகம் உரையாட முடியாது. ஒருவர் சுட்டும் பத்தியை மற்றவர் திறந்து பார்க்க முடிந்தால்தான் கருத்து வேறுபாடு தீரும். ஆகவே இந்த மாற்றத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

இரண்டாவது வழி, பணியிலிருந்து விலக்கப்பட்ட கருவிகள். 2008இல் ஓப்பன்பிஎஸ்சி என்ற திட்டம் தொடங்கியபோது அதன் ஆசிரியர்கள் சீமென்ஸ் நிறுவனத்தின் பழைய பிஎஸ்-11 கைப்பேசி நிலையத்தை இரண்டாம் கையாக வாங்கி, லினக்ஸ் கணினியுடன் இ1 என்னும் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் பொருத்தி, அதை இயக்கும் நிரலைத் தாங்களே எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் அது பலர் முன்னிலையில் இயங்கியது. அந்த விதையிலிருந்து வளர்ந்த ஓஸ்மோகாம் இன்று நிலையக் கட்டுப்பாடு, அழைப்பு இணைப்பு, சந்தாதாரர் பதிவேடு, எஸ்எஸ்7 செய்திகளை வழிமாற்றும் நிலையம் என ஒரு கைப்பேசி வலையமைப்பின் உறுப்புகள் பலவற்றையும் மென்பொருளாகத் தருகிறது. அதற்கும் முன்பே, 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டரிஸ்க், சாதாரணக் கணினி ஒன்று அலுவலக இணைப்பகமாகப் பணிபுரியும் என்பதை நிறுவிவிட்டது.

இவற்றின் பயன் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் வணிக நிறுவனங்கள் சேவை தர முன்வராத தலேயா தே காஸ்த்ரோ என்ற மலைக் கிராமம், ரிசோமாட்டிகா என்ற அமைப்பின் துணையுடன் 2013இல் தனக்கென ஒரு கைப்பேசி வலையமைப்பை அமைத்துக்கொண்டது. திறந்த மூல மென்பொருள் இல்லாதிருந்தால் அந்த ஊரால் அதைத் தாங்கியிருக்க முடியாது. 2016இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் இத்தகைய பழங்குடிச் சமூக வலையமைப்புகளுக்குச் சமூகப் பயன்பாட்டு அலைக்கற்றை உரிமமும் வழங்கியது.

கேள்வி: ஓய்வு நேரத்தில் பலர் எழுதிச் சேர்க்கும் நிரலை நம்பி ஒரு தொலைபேசி வலையமைப்பை இயக்கலாமா? உண்மையான வலையமைப்பு கையில் இல்லாதவர்கள் அதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

பதில்: சோதித்த அளவுக்கே நம்பலாம், சம்பளம் பெற்று எழுதப்படும் நிரலுக்கும் இது பொருந்தும். 1990 ஜனவரி 15 அன்று ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நெடுந்தொலைவு வலையமைப்பு ஏறத்தாழ 9 மணி நேரம் குலைந்துபோனது. நியூயார்க்கில் இருந்த ஓர் இணைப்பகம் சிறு கோளாறு காரணமாகத் தன்னை மீட்டமைத்துக்கொண்டு பணிக்குத் திரும்பியது. அது அடுத்தடுத்து அனுப்பிய செய்திகளில் இரண்டாவது, முதலாவதை அண்டை இணைப்பகம் கையாண்டுகொண்டிருந்த குறுகிய இடைவெளியில் வந்து சேர்ந்தது. சி மொழி நிரலில் தவறான இடத்தில் எழுதப்பட்டிருந்த ஒரு பிரேக் கட்டளை அந்த நேரத்தில் மட்டுமே தன் தீங்கைக் காட்டக்கூடியதாக இருந்ததால், அண்டை இணைப்பகமும் மீட்டமைப்புக்குத் தள்ளப்பட்டு, மீண்டு வந்ததும் தன் அண்டை இணைப்பகங்களுக்கு அதையே செய்தது. ஒரே மென்பொருளைக் கொண்டிருந்த 114 இணைப்பகங்களிலும் அந்த அலை பரவியது. மறு ஆண்டு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் தொலைபேசிச் சேவை தடைப்பட்டதற்கு, சமிக்ஞை வழிமாற்று நிலைய மென்பொருளில் முழுச் சோதனையின்றிச் சேர்க்கப்பட்ட சில வரி மாற்றமே காரணம் என்று தெரியவந்தது.

இந்த நிகழ்ச்சிகளை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், சமிக்ஞை மென்பொருளின் கடினம் எங்கே இருக்கிறது என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன. எளிய அழைப்பு ஒன்றுக்கு ஐசப்பில் ஐந்து செய்திகள் போதும்: முகவரியைத் தரும் தொடக்கச் செய்தி, முகவரி முழுமையாகக் கிடைத்தது என்ற அறிவிப்பு, மறுமுனையில் எடுத்தாயிற்று என்ற தகவல், விடுவிப்பு, விடுவிப்பு முடிந்தது என்ற உறுதி. ஆர்வமுள்ள ஒரு மாணவர் இதைச் சில நாள்களில் எழுதிவிடுவார். இரு முனைகளும் ஒரே தடத்தை ஒரே நேரத்தில் பிடித்தால் எது விட்டுக்கொடுப்பது, ஒரு பக்கம் துண்டித்த செய்தியும் மறுபக்கம் எடுத்த செய்தியும் வழியில் ஒன்றையொன்று கடந்தால் என்ன செய்வது, டைமர் முடியும் அதே கணத்தில் பதில் வந்தால் எதை நம்புவது, எம்டிபியின் இரண்டாம் அடுக்கில் 7 பிட் வரிசை எண் 127ஐத் தாண்டிச் சுழியத்துக்குத் திரும்பும்போது விடுபட்ட செய்தி எது என்று எப்படி அறிவது ஆகிய கேள்விகள்தான் ஆண்டுகளை விழுங்குகின்றன.

ஆகவே, ஒரு சமூகத்தின் முதன்மையான சொத்து எது என்று கேட்டால், நிரலைவிடச் சோதனைத் தொகுப்பையே நான் முன்னால் வைப்பேன். அதற்கான அடிப்படை பொதுவெளியிலேயே இருக்கிறது. எம்டிபி இரண்டாம் அடுக்குக்கு கியூ.781, மூன்றாம் அடுக்குக்கு கியூ.782, ஐசப்பின் அடிப்படை அழைப்புக்கு கியூ.784 என, எந்தச் செய்தியை அனுப்பினால் எந்த விடை வர வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லும் பரிந்துரைகளை ஐடியு-டி தந்திருக்கிறது. சிப் நெறிமுறைக்கு, நிரலைத் திணறவைக்கும்படி வேண்டுமென்றே வடிவமைத்த செய்திகளின் தொகுப்பு ஆர்எஃப்சி 4475 ஆக 2006இல் வெளிவந்தது. இத்தகைய சோதனைகளை எழுதுவதற்கென்றே எட்சி தரப்படுத்திய டிடிசிஎன்-3 என்ற மொழி இருக்கிறது. அதை இயக்கும் டைட்டன் கருவியை எரிக்சன் நிறுவனம் 2015இல் திறந்த மூலமாக வெளியிட்டது. ஓஸ்மோகாம் சமூகம் தன் சோதனைகளில் பெரும்பகுதியை இந்த மொழியில்தான் எழுதிவருகிறது. மெய்யான கைப்பேசியோ இணைப்பகமோ இல்லாமல், சோதனை நிரலே அவற்றின் பாத்திரத்தை ஏற்று, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் எல்லா உரையாடல்களையும் திரும்ப நடத்திப் பார்க்கிறது. பிழை ஒன்று கண்டறியப்பட்டால், திருத்தத்துடன் அந்தப் பிழையைப் பிடிக்கும் சோதனையும் சேர வேண்டும் என்ற விதியை விட்டுக்கொடுக்காத சமூகங்களே நிலைக்கின்றன. தன்னார்வலர் ஒருவர் வேலை மாறலாம், குடும்பப் பொறுப்பு கூடலாம், ஆர்வம் குறையலாம். அவர் மூன்று வாரம் போராடிக் கண்டறிந்தது சோதனையாகப் பதிந்திருந்தால், அவர் விலகிய பின்னும் அது தொலையாது.

தன்னார்வலர் சமூகத்துக்கு இங்கே ஓர் இயல்பான வலிமையும் உண்டு. எஸ்எஸ்7 எல்லா நாடுகளிலும் ஒன்றுபோல் இல்லை. ஐடியு முறையில் இணைப்பகத்தின் முகவரி 14 பிட். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான அன்சியின் முறையில் 24 பிட். ஐசப்புக்கோ நாட்டுக்கு நாடு தனித் திருத்தங்கள் இருக்கின்றன. பல நாடுகளில் இருந்துகொண்டு பல கருவிகளோடு இணைத்துப் பார்க்கும் மனிதர்கள் ஒரே நிரலில் கைவைப்பதால், ஒற்றை ஆய்வுக்கூடத்தில் வெளிப்படாத வேறுபாடுகள் விரைவில் வெளிப்படுகின்றன. பழைய இ1 கருவிகளை வைத்திருக்கும் ஆர்வலர்கள் அவற்றை இணையத்தின் வழியே ஒன்றோடொன்று பிணைக்கும் முயற்சி ஒன்றும் ஓஸ்மோகாம் சமூகத்தில் நடக்கிறது. அதற்கான யுஎஸ்பி இ1 இடைமுகத்தின் மின்சுற்று வரைபடம் கூடத் திறந்ததே.

ஓர் எச்சரிக்கை. பிழையை விளக்க நீங்கள் இணைக்கும் பதிவுக் கோப்புகளில் உண்மையான மனிதர்களின் தொலைபேசி எண்களும், சிம் அட்டையின் அடையாள எண்களும், சில வேளைகளில் குறுஞ்செய்திகளே கூட இருக்கும். இயங்கும் வலையமைப்பிலிருந்து எடுத்த பதிவை அப்படியே பொதுவில் வைக்காதீர்கள். அதே பிழையைச் சோதனை எண்களைக் கொண்டு மீண்டும் உண்டாக்கிப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: இத்தகைய சமூகங்கள் அடிக்கடி பிளவுபடுகின்றனவே. அது தோல்வியின் அடையாளம் அல்லவா?

பதில்: எப்போதும் அல்ல. பெர்லினில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஃபோகஸ் ஆய்வு நிறுவனத்தில் உருவான சிப் அழைப்புகளை வழிசெலுத்தும் சர்வரான சிப் எக்ஸ்பிரஸ் ரவுட்டர் 2002இல் ஜிபிஎல் உரிமத்தில் (நிரலை மாற்றி வழங்கலாம், வழங்கினால் மாற்றிய நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும்) வெளியானது. அதிலிருந்து 2005இல் ஓப்பன்செர் பிரிந்தது. 2008இல் அது கமைலியோ என்று பெயர் மாற, அதே ஆண்டில் ஓப்பன்சிப்ஸ் தனியாகப் பிரிந்து சென்றது. பிரிவுகளை மட்டும் எண்ணினால் இது வருத்தமான வரலாறு. ஆனால் அதே 2008இன் இறுதியில் கமைலியோ குழுவினரும் மூலத் திட்டத்தின் குழுவினரும் தங்கள் நிரல்களை மீண்டும் ஒன்றாக்கத் தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உரிமம் அதை அனுமதித்தது. இரு தரப்பும் மாற்றங்களின் வரலாற்றை ஒழுங்காகக் காத்துவந்ததால் அது நடைமுறையிலும் முடிந்தது.

என் கணிப்பில், தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு மட்டுமே ஒரு சமூகத்தை உடைப்பது அரிது. திருத்தம் அனுப்பியவருக்கு மாதக்கணக்கில் பதில் வராமை, யார் முடிவெடுக்கிறார்கள் என்பது தெரியாமை, ஒரே நிறுவனத்தின் பணியாளர்களுக்குள் முடிவுகள் அடைபட்டுப்போதல் ஆகியவையே மனிதர்களை வெளியே தள்ளுகின்றன. ஒரு திருத்தத்தை ஏற்க முடியாது என்றாலும், ஏன் என்று காரணம் எழுதி உடனே தெரிவிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: எந்த உரிமம் பொருத்தமானது? இதற்கான பணம் எங்கிருந்து வருகிறது?

பதில்: சமிக்ஞை மென்பொருள் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் சர்வரிலேயே இயங்குகிறது, அதன் பிரதி பயனரின் கைக்கு வருவதில்லை. ஜிபிஎல் உரிமத்தின் கடமைகள் பிரதியை வழங்கும்போதுதான் எழுகின்றன என்பதால், மாற்றங்களைச் செய்து தன்னிடமே வைத்துக்கொள்ள ஒரு நிறுவனத்துக்கு இடமிருக்கிறது. இந்த இடைவெளியை அடைக்கவே 2007இல் வந்த, வலையமைப்பு வழியே பயன்படுத்துவோருக்கும் நிரலைத் தரச் சொல்லும் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பை ஓஸ்மோகாம் தன் வலையமைப்பு நிரல்களுக்குத் தேர்ந்தது. கமைலியோவும் ஆஸ்டரிஸ்க்கும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் இருக்கின்றன. ஃபிரீஸ்விட்ச் என்ற மற்றொரு தொலைபேசி மென்பொருள் மொசில்லா உரிமத்தில் இருக்கிறது. பிறர் மாற்றங்கள் திரும்பி வர வேண்டும் என்பது உங்கள் முதல் விருப்பமானால் ஏஜிபிஎல்லையே நான் பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும், பங்களிப்பவர் தம் நிரலை வழங்கும் உரிமை தமக்கு உண்டு என்று ஒவ்வொரு திருத்தத்திலும் கையொப்பமாக உறுதி கூறும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்களில் பணிபுரிவோர் பலர் இத்துறையில் பங்களிக்கிறார்கள். அவர்கள் எழுதியது யாருக்குச் சொந்தம் என்ற ஐயம் பின்னாளில் எழக்கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை, ஆஸ்டரிஸ்க் இரட்டை உரிம முறையை (ஜிபிஎல் வேண்டாதவர்களுக்குத் தனி வணிக உரிமத்தை விற்பது) கையாண்டது. ஓஸ்மோகாமின் முன்னணி ஆசிரியர்கள் 2011இல் பெர்லினில் சிஸ்மோகாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, கருவிகளை விற்றும் ஒப்பந்தப் பணி செய்தும் அந்த நிரலையே வளர்த்துவருகிறார்கள். இந்த மென்பொருளால் வருவாய் ஈட்டும் நிறுவனங்கள் புதிய வசதிகளுக்கு மட்டும் பணம் தருவது போதாது என்பது என் உறுதியான கருத்து. சோதனைக் கணினிகளுக்கும், பழைய நிரலைப் பராமரிக்கும் சலிப்பான உழைப்புக்கும் அவர்கள் பணம் தர வேண்டும். அவர்களது வலையமைப்பு இரவில் நிற்காமல் இருப்பது அந்த உழைப்பால்தான்.

கேள்வி: எஸ்எஸ்7 வழியாகக் கைப்பேசியின் இருப்பிடத்தை அறிய முடியும் என்கிறார்கள். நிரலைத் திறந்து வைப்பது தீயவர்களுக்கு உதவாதா?

பதில்: அந்தப் பலவீனம் நெறிமுறையிலேயே இருக்கிறது. ஒருவரையொருவர் அறிந்த சில நிறுவனங்களுக்குள் மட்டுமே செய்திகள் செல்லும் என்ற எண்ணத்தில் எஸ்எஸ்7 வடிவமைக்கப்பட்டது. செய்தியை அனுப்பியவர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. இருப்பிடம் அறியும் முறை 2008இலும், அழைப்புகளை ஒட்டுக்கேட்கும் முறை உள்ளிட்டவை 2014இலும் கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் ஆய்வாளர்களால் வெளிப்படையாக விளக்கப்பட்டன. பணம் படைத்தோருக்கு அதற்கு முன்பே கிடைத்துவந்த ஆற்றல் இது என்பதை மறந்துவிடக் கூடாது. பொதுவெளியில் பேசப்பட்ட பிறகே, வெளி வலையமைப்பிலிருந்து வரக்கூடாத மேப் வினாக்களை எல்லையிலேயே தடுக்கும் வடிகட்டிகளை நிறுவனங்கள் தீவிரமாக அமைக்கத் தொடங்கின. அத்தகைய வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் திறந்த மூலக் கருவி உதவுகிறது.

அதே நேரத்தில் சமூகத்துக்குப் பொறுப்பு உண்டு. பாதுகாப்புக் குறைகளைத் தனியாகத் தெரிவிக்க ஒரு முகவரி வேண்டும். திருத்தம் தயாரான பின்பே விவரம் வெளியாக வேண்டும். டிகேப், மேப் செய்திகள் ஏஎஸ்என்.1 என்னும் தரவு விவரிப்பு முறையில் நீளமும் மதிப்பும் மாறி மாறி அமைவதால், நீளத்தைச் சரிபார்க்காமல் படிக்கும் நிரலே மிகப் பெரும் ஆபத்து. உருக்குலைந்த செய்திகளைத் தானாகவே உற்பத்தி செய்து செலுத்திப் பார்க்கும் சோதனையை இடைவிடாது நடத்த வேண்டும். ஒருவரைப் பின்தொடரும் நோக்கத்தோடு உதவி கேட்பவருக்கு உதவ மறுப்பதையும் சமூகம் வெளிப்படையான விதியாக எழுதிவைக்கலாம்.

கேள்வி: நான் மின்னணுவியல் மாணவி. சி மொழி ஓரளவே தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வலையமைப்பில் செல்லும் செய்திகளைப் பிடித்துப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற கருவியிலிருந்து தொடங்குங்கள். மாதிரிப் பதிவு ஒன்றைத் திறந்து, ஓர் அழைப்பின் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, விவரக்குறிப்பில் அதற்குரிய பத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். முதல் வாரம் மிகவும் மெதுவாகச் செல்லும். அந்த மெதுவான வாசிப்பு இத்துறையில் எதையும்விட அதிகமாகக் கற்றுத் தரும். பின்பு உங்கள் கணினியிலேயே கமைலியோவை நிறுவி, சிப்-பி என்ற சோதனைக் கருவியால் அழைப்புகளை அனுப்பிப் பாருங்கள். எஸ்எஸ்7 பக்கம் ஆர்வமானால், ஓஸ்மோகாமின் வழிமாற்று நிலையத்தை ஒரே கணினியில் இயக்கி எஸ்எஸ்7 செய்திகளை ஐபி வழியே சுமக்கும் எம்3யுஏ இணைப்பு எழுவதைக் கவனியுங்கள். இதற்கு ஆண்டெனாவோ தனிக் கருவியோ தேவையில்லை.

இவ்வாறு செய்யும்போது ஆவணத்தில் புரியாத இடங்கள் தென்படும். அவற்றைத் திருத்தி அனுப்புவதே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கலாம். பல ஆண்டு பழகியவருக்கு அந்தக் குறை கண்ணில் படாது. பிழை கண்டால் மென்பொருளின் பதிப்பு, அமைப்புக் கோப்பு, பதிவு, விவரக்குறிப்பின் எந்தப் பத்தி வேறாகச் சொல்கிறது என்ற நான்கையும் சேர்த்து எழுதுங்கள். நிரல் அனுப்பும்போது ஒரு திருத்தத்தில் ஒரு நோக்கம் மட்டும் இருக்கட்டும். அதன் விளக்கத்தில் பத்தி எண்ணைக் குறிப்பிட்டால், சரிபார்ப்பவரின் வேலை பாதியாகும். பதில் கடுமையாக வந்தால் மனம் தளராதீர்கள். பெரும்பாலும் அது உங்களைப் பற்றியதன்று, வரியைப் பற்றியது. சில மாதங்கள் கழித்துப் பிறரது திருத்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்லத் தொடங்குங்கள். எல்லாச் சமூகங்களிலும் எழுதுவோரைவிடச் சரிபார்ப்போர் குறைவு; அந்த இடத்தில் ஓர் ஆள் கூடினால் வரிசையில் காத்திருக்கும் பலரின் வேலை நகரும்.

கேள்வி: சோதனைக்காக நானே ஒரு சிறிய கைப்பேசி நிலையத்தை இயக்கலாமா?

பதில்: அலைக்கற்றை உரிமம் இல்லாமல் வானலையில் ஒலிபரப்பக் கூடாது, பெரும்பாலான நாடுகளில் அது குற்றம். சட்டத்தைவிட முக்கியமான காரணமும் உண்டு. உங்கள் நிலையத்தின் அலை வலுவாக இருந்தால், அருகிலுள்ளோரின் கைப்பேசிகள் அதனுடன் இணைந்துவிடலாம். அந்த நேரத்தில் அவர்களில் ஒருவர் அவசர உதவிக்கு அழைத்தால் அந்த அழைப்பு எங்கும் போய்ச் சேராது. அலை கசியாத உலோகப் பெட்டிக்குள், அல்லது வலுக்குறைப்பான்கள் பொருத்திய கம்பி வழியாக மட்டுமே சோதியுங்கள். பல்கலைக்கழகங்களுக்குச் சோதனை உரிமம் தரும் நாடுகள் இருக்கின்றன. உங்கள் துறைத் தலைவர் வழியாக விண்ணப்பிக்க முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.